துப்பாக்கி முதல் கைப்பேசி வரை: ஒரு சின்ன ஸ்கோப்பின் வரலாறும் கோப்பெங் ஈயக்குட்டைகளும்



பள்ளி இயற்கைக் கழகத்துக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கணும், பறவைகளைப் படம் எடுக்கணும், ஆனால் கையில் இருப்பது சில நூறு ரிங்கிட்தான். எதை வாங்கலாம்? இப்படி ஒரு கேள்வி எழுந்தால் அறிவியல் ஆசிரியரைத்தான் எல்லோரும் தேடுவோம். இந்தக் கட்டுரை அதே கேள்விக்கு வரலாற்றுப் பாடத்தின் வழியாக விடை சொல்லிப் பார்க்கிறது. கடைக்காரர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஆண்டும் ஒரு மனிதரும் இருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்கணும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பறவைப் படம் எடுப்பதைப் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். நம்ம கோப்பெங் வட்டாரத்தில் அது வரலாற்றை எழுதும் வேலையும்கூட. எப்படி என்று முதலில் பார்ப்போம்.

1. தோண்டிய இடத்தில் வந்த தண்ணீர்

ஈப்போவுக்குத் தெற்கே, கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது கோப்பெங். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக ஈயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும் பங்கு கிந்தாவினுடையது. கோப்பெங்கில் மலையிலிருந்து பெரிய குழாய்கள் வழியே நீரைக் கொண்டுவந்து, அதன் அழுத்தத்தாலேயே மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். மேட்டு நிலத்தில் சீன முதலாளிகளின் லம்பங்கள், தாழ்ந்த நிலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகளின் ஈயக் கப்பல்கள். மலாயாவில் முதல் ஈயக் கப்பல் 1913-இல் பத்துகாஜா பகுதியில் இயங்கத் தொடங்கியது. தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்றும் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. அதன் எடை 4,500 டன். 1982-இல் அதன் வேலை நின்றது.

ஈயத்துக்குப் பக்கத்திலேயே ரப்பர். கோப்பெங்கிலிருந்து பத்துகாஜா போகும் சாலையில் கெல்லி கோட்டையைப் பார்க்காத மாணவர் இருக்க மாட்டீர்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் 1915-இல் அதைக் கட்டத் தொடங்கினார். தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தார். நோய் பரவிப் பலர் இறந்தபோது தொழிலாளர்களுக்காக மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926-இல் ஸ்மித் லிஸ்பனில் இறந்தார். கோட்டை முடியாமலே நின்றது, கோயில் நிலைத்தது.

பிறகு நடந்தது உங்களுக்குப் பாடத்தில் தெரிந்ததுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயன்கள் காலியாயின. 1985 அக்டோபர் 24-ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்தது. ஈய விலை சரிந்தது, கிந்தாவில் எஞ்சியிருந்த லம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

லம்பம் மூடியதும் நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. பள்ளங்களில் மழைநீர் நிறைந்தது. கரையில் கோரையும் புதரும் வளர்ந்தன, மீன் பெருகியது, கொக்கு வந்தது. பத்துகாஜா பக்கம் உள்ள கிந்தா இயற்கைப் பூங்கா இப்படிப் பிறந்ததுதான். பழைய ஈயக்குட்டைகளின் நடுவே நாரைகளும் கொக்குகளும் வக்காக்களும் கூட்டமாகக் கூடு கட்டும் இடம் அது. சாம்பல் நாரை, செந்நாரை, நீலத் தாழைக்கோழி, வெண்மார்புக் கானாங்கோழி, சீழ்க்கைச் சிறகி, முக்குளிப்பான், மீன்கொத்தி எல்லாவற்றையும் கிந்தாவின் குட்டைகளில் பார்க்கலாம். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகளும் சேரும்.

ஆக, ஒரு குட்டையில் இன்று எந்தப் பறவை நிற்கிறது என்பது 1985-க்குப் பிறகு அந்த நிலத்துக்கு என்ன ஆனது என்பதற்கான சான்று. நாளைக்கு அந்தக் குட்டையைத் தூர்த்து வீடமைப்புத் திட்டம் வரலாம், மீன்பண்ணை வரலாம். வந்த பிறகு, "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேட்டால் யாரிடம் ஆதாரம் இருக்கும்? எடுத்து வைத்தவரிடம் மட்டும்தான். அதற்குத்தான் ஸ்கோப்.

2. சுட்டுப் பதிவு செய்த காலம்

பறவையைப் பதிவு செய்வது என்றால் ஒரு காலத்தில் அதைச் சுடுவது என்றுதான் பொருள். பேராக் அருங்காட்சியகம் தைப்பிங்கில் 1883-இல் தொடங்கப்பட்டது. மலாயாவின் முதல் அருங்காட்சியகம் அதுதான். அதன் காப்பாளர் லெனர்ட் ரே 1880-களில் பேராக் மலைகளில் பறவைகளைச் சேகரித்தார். பாடம் செய்த தோல்கள் லண்டனுக்குப் போயின. ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் என்ற பறவையியலாளர் அவற்றைப் பார்த்துப் புதிய இனங்களுக்குப் பெயரிட்டார். கையில் உடல் இருந்தால்தான் ஆதாரம் என்பது அன்றைய விதி.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தூரத்தில் நிற்கும் பறவையின் அலகு நிறத்தையும் கால் நிறத்தையும் ஐயமின்றிக் காட்டும் மலிவான கருவி அப்போது இல்லை. 1901-இல் ஆங்கிலேயர் எட்மண்ட் செலூஸ் எழுதிய ஒரு புத்தகம்தான் பறவையைக் கொல்லாமல் கவனித்துப் பார்ப்பதையே தலைப்பாக வைத்து வந்தது. நம் நாட்டில் மலாயா இயற்கைக் கழகம் 1940-இல் தொடங்கியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜப்பானிய ஆட்சி. சாங்கியில் சிறைவைக்கப்பட்டிருந்த காவல்துறை அதிகாரி கை மேடாக் அங்கிருந்தபடியே மலாயாப் பறவைகளைப் பற்றி எழுதினார். போருக்குப் பின் அது நூலாக வந்து, பலருக்கு முதல் பறவைக் கையேடாக ஆனது. சிறைக்குள் அவரிடம் இருந்த மூலதனம் பல ஆண்டுகள் பார்த்த பார்வையும் நினைவும்தான். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று தயங்கும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும்.

3. மூக்குக்கண்ணாடிக் கடையில் பிறந்த கருவி

தொலைநோக்கி முதலில் வெளிப்பட்டது ஒரு கடைத்தெருவில். 1608 அக்டோபர் தொடக்கத்தில் மிடில்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடி செய்பவர் ஹான்ஸ் லிப்பர்ஹே டச்சு அரசிடம் காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. செய்வது எளிது, வேறு சிலரும் செய்கிறார்கள், இரகசியமாக வைக்க முடியாது என்பது காரணம். 1641-இல் மலாக்காவைப் பிடித்த அதே டச்சுக்காரர்கள்தான், ஞாபகம் இருக்குங்களா? கடலோடும் நாட்டுக்கு இந்தக் கருவியின் அருமை உடனே புரிந்தது.

அடுத்த ஆண்டே செய்தி கேள்விப்பட்டு கலிலியோ தானே ஒன்று செய்தார். முதலில் செய்தது 3 மடங்கு, 1609 ஆகஸ்டில் வெனிஸ் ஆட்சியாளர்களுக்குக் காட்டியது 8 மடங்கு, அந்த ஆண்டு முடிவதற்குள் 20 மடங்கு. 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகளைக் கண்டது அந்த 20 மடங்கில்தான்.

இதுதான் முதல் பாடம். வானியல் வரலாற்றை மாற்றியது 20 மடங்கு உருப்பெருக்கம். பெட்டியில் "60 மடங்கு, 75 மடங்கு" என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்கிவிட வேண்டாம். பறவைப் படத்துக்கு 15 முதல் 25 மடங்கு போதும்.

கலிலியோவின் கருவியில் பார்வைப் பரப்பு மிகவும் குறுகல். 1611-இல் கெப்லர் இரண்டு குவிவில்லைகள் கொண்ட அமைப்பை விளக்கினார். பரப்பு அகன்றது, ஆனால் உருவம் தலைகீழானது. நிலவைத் தலைகீழாகப் பார்க்கலாம், மீன்கொத்தியைத் தலைகீழாகத் துரத்த முடியுமா? இத்தாலியர் இக்னாசியோ போரோ 1854-இல் கண்ணாடிப் பட்டகங்களை வைத்து உருவத்தை நிமிர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1894-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம், எர்ன்ஸ்ட் அபேயின் வழிகாட்டலில், பட்டகம் வைத்த பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஸ்கோப்பின் உள்ளேயும் பட்டகம் இருக்கிறது. பெட்டியில் "பேக்-4" என்று இருந்தால் அது பட்டகக் கண்ணாடியின் வகை. "பிகே-7" என்பது அதைவிட மலிவான வகை. இரண்டு கருவிகள் ஒரே விலையில் கிடைத்தால் முதலாவதை எடுங்கள்.

அடுத்தது நிறம். ஒற்றை வில்லை எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் குவிக்காது. அதனால் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா விளிம்பு தெரியும். இது தீராத குறை என்றே நியூட்டன் கருதினார். 1730-களில் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேயர் இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து அதைப் பெரிதும் குறைத்தார். ஜான் டோலண்ட் 1758-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று "இ.டி. கண்ணாடி" என்று விற்பது இதே முயற்சியின் அடுத்த படி. நல்லதுதான், ஆனால் விலை கூடும். குட்டைகளில் நாம் அதிகம் எடுக்கப்போவது வெண்கொக்கு என்பதால், பணம் மிஞ்சினால் இ.டி.க்குச் செலவழிக்கலாம். மிஞ்சாவிட்டால் பரவாயில்லை, குறைந்த உருப்பெருக்கத்தில் ஊதா விளிம்பு அவ்வளவாகத் தெரியாது.

கடைசியாகப் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். 1935-இல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா இந்த இழப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். "எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு" என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "பூச்சிட்டது" என்றால் ஒரு பரப்பில் மட்டும்கூட இருக்கலாம்.

4. 1999: ஒரு மலேசியரின் பங்கு

பறவையைத் தெளிவாகப் படம் எடுப்பது நீண்ட காலம் பணக்காரர் வேலையாகவே இருந்தது. 500 மி.மீ. வில்லை வாங்குகிற பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம். தமிழ்நாட்டு இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு கேமராவின் உடலோடு வேறொரு கம்பெனியின் வில்லையையும், இன்னும் பல இடங்களில் கிடைத்த பாகங்களையும் இணைத்துத் தன் கருவியைத் தானே அமைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டுதான் இந்தியக் காட்டுயிர்களின் கருப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். கிடைத்ததை இணைத்துப் பார்க்கிற அந்தத் துணிச்சல் பிறகு நம் நாட்டிலும் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது.

1999-இல் லாரன்ஸ் போ என்ற மலேசியப் பறவை ஆர்வலர் புதிதாக வந்திருந்த டிஜிட்டல் கேமரா ஒன்றைத் தம் ஸ்கோப்பின் கண்வில்லையில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய தற்செயலாகச் செய்த காரியம். படத்தின் தெளிவு அவரையே வியக்க வைத்தது. படங்களை இணையம் வழியே உலகத்தோடு பகிர்ந்தார். அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அலென் ஃபோசே இந்த முறைக்கு "டிஜிஸ்கோப்பிங்" என்று பெயர் வைத்தார். பிலிம் காலத்திலும் தொலைநோக்கி வழியாகப் படம் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் எடுத்த உடனே திரையில் பார்த்து, சரியில்லையென்றால் செலவில்லாமல் மறுபடி எடுக்கலாம் என்பது டிஜிட்டல் கேமரா வந்த பிறகுதான் முடிந்தது. பிலிம் ரோல் காசு மிச்சம் என்பது சின்ன விஷயமா?

உலகமெங்கும் பறவை ஆர்வலர்கள் இன்று பின்பற்றும் ஒரு முறையைப் பரப்பியவர்களில் முன்னோடி ஒரு மலேசியர். இது நம் மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. இப்போது அந்தக் கேமராவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. அதனால் தனிக் கேமராவுக்கான செலவும் போய்விட்டது. மீதமிருக்கும் செலவு ஸ்கோப், முக்காலி, கைப்பேசியைப் பிடிக்கும் இணைப்பான் மூன்றும்தான்.

5. கணக்குப் போட்டு வாங்குவோம்

பெட்டியில் "20-60×60" என்று இருந்தால், முன்னே உள்ள 20-60 உருப்பெருக்கம், கடைசி 60 முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20 மடங்கில் 60 ÷ 20 = 3 மி.மீ., நல்ல வெளிச்சம். 60 மடங்கில் 60 ÷ 60 = 1 மி.மீ., மங்கல். ஆக, அதே கருவியில் 60 மடங்குக்குப் போனால் காசு கொடுத்து இருட்டை வாங்கினதுபோல ஆகிவிடும்.

படத்துக்கு எவ்வளவு நெருக்கம் கிடைக்கும்? பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா 24 முதல் 28 மி.மீ. வில்லைக்கு ஈடானது. 25 என்று வைத்துக்கொண்டால், 25 × 20 = 500. மேலே சொன்ன மோட்டார் சைக்கிள் விலை வில்லையின் நெருக்கம், ஒரு சின்ன ஸ்கோப்பிலேயே வந்துவிடுகிறது. அந்த வில்லையின் தரம் வராது, உண்மை. ஆனால் இது சாம்பல் நாரையா செந்நாரையா என்று ஐயமில்லாமல் சொல்லும் படம் வரும். நம் நோக்கத்துக்கு அது போதும்.

எந்த அளவு வாங்குவது? 50 மி.மீ. ஸ்கோப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகலாம். 60 மி.மீ. ஸ்கோப் அதைவிட 1.44 மடங்கு ஒளியைப் பிடிக்கும் (60² ÷ 50²). 80 மி.மீ. இன்னும் நல்லது, ஆனால் எடையும் விலையும் ஏறும், கனமான முக்காலியும் கேட்கும். பள்ளிக்கு 50 முதல் 65 வரை சரியான அளவு. சிறிய வகையில் நிக்கான் இ.டி.50, கோவா 501, செலெஸ்ட்ரான் ஹம்மிங்பர்ட் ஆகியவை பெயர் பெற்றவை. இன்னும் கீழே, ஸ்வ்போனி எஸ்.வி.28 போன்ற மலிவான வகைகள் 50, 60, 70 மி.மீ. அளவுகளில் கிடைக்கின்றன. மலிவு வகைகளில் குறைந்த உருப்பெருக்கத்தில் படம் ஏற்றுக்கொள்ளும்படி இருக்கும், கூட்டக்கூட மங்கும். இது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

நேராகப் பார்ப்பதா, சாய்வாகப் பார்ப்பதா? கண்வில்லை 45 பாகை சாய்ந்த ஸ்கோப்பை எடுங்கள். முக்காலியைத் தாழ்வாக வைத்துவிட்டால் நான்காம் ஆண்டுப் பிள்ளையும் பார்க்கும், உயரமான ஆசிரியரும் குனிந்து பார்ப்பார். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணுக்கும் கண்வில்லைக்கும் குறைந்தது 15 மி.மீ. இடைவெளி தேவை. இதையும் கேட்டு வாங்குங்கள்.

பலரும் தவறவிடும் செலவு முக்காலி. 20 மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் 20 மடங்கு பெரிதாக்கும். முக்காலி ஆடினால் எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது. கையில் 1,000 ரிங்கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதியை ஸ்கோப்புக்கும், மூன்றில் ஒரு பங்கை முக்காலிக்கும், மீதியை இணைப்பான், பை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுக்கும் ஒதுக்குவது என் யோசனை. முழுத்தொகையையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிட்டு ஆடுகிற முக்காலியில் வைப்பது, பாயே இல்லாமல் பட்டுத் தலையணை வாங்கின கதைதான்.

பழைய பொருள் வாங்கினால் கைவிளக்கை முன்வில்லை வழியே அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நரம்பு நரம்பாகத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். தூரத்துக் கடைப் பலகையின் எழுத்தைப் பாருங்கள். நடுவில் கூர்மையாக இருந்து ஓரத்தில் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. நடுவிலேயே இரட்டையாகத் தெரிந்தால் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

6. நம்ம ஊர் ஈரமும் வெயிலும்

குளிர்நாட்டுப் புத்தகங்களில் சொல்லாத எதிரிகள் நமக்கு உண்டு. முதலாவது ஈரம். நைட்ரஜன் அடைத்து நீர்புகாமல் மூடியது என்று குறிப்பிட்ட கருவியையே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரப் பைக்குள்ளே வைத்து மூடிவிடாமல், துடைத்து ஆறவிட்டு, சிலிக்கா மணியோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

இரண்டாவது கானல். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு குட்டையின் மேலும் வெள்ளை ஈயமணலின் மேலும் சூடான காற்று நெளியத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலைக் கருவியானாலும் தூரப் படம் நெளிந்துதான் வரும். ஏழு மணிக்கே போங்கள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் முறை எளிது. முதலில் கண்ணால் பார்த்து ஸ்கோப்பைக் கூர்மையாக்குங்கள். பிறகு கைப்பேசியைப் பொருத்துங்கள். சுற்றிலும் கருப்பு வட்டம் தெரிந்தால் கைப்பேசியில் 1.5 அல்லது 2 மடங்கு கூட்டினால் மறையும். விரலால் தட்டினால் ஆடும், ஆகவே இரண்டு விநாடி டைமர் வையுங்கள். பறவை அசைந்துகொண்டே இருந்தால் காணொளியாக எடுத்துவிட்டு நல்ல நொடியைப் படமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்கோப் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக்கூடாது, கண் போய்விடும். ஈயக்குட்டையின் கரை சறுக்கும், சில அடி தாண்டினாலே ஆழம். ஆசிரியர் இல்லாமல் மாணவர்கள் தனியாகப் போகக்கூடாது. கரையிலிருந்து தள்ளி நின்றே எடுப்பதற்குத்தானே ஸ்கோப்!

7. படம் எப்போது சான்றாகிறது?

முதல்நிலை மூலம், இரண்டாம்நிலை மூலம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். நிகழ்வு நடந்த காலத்திலேயே நேரில் கண்டவர் உருவாக்கியது முதல்நிலை மூலம். நீங்கள் எடுத்த செந்நாரைப் படமும் அந்த வகையில் சேரும், ஒரு நிபந்தனையோடு. நாள், நேரம், இடம், எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது, பார்த்தவர் யார் ஆகியவற்றைப் படத்தோடு எழுதி வைக்கணும். எழுதாவிட்டால் அது அழகான படம், அவ்வளவுதான். லெனர்ட் ரே காலத்துப் பறவைத் தோலுக்கு இன்றும் மதிப்பு இருப்பது அதன் காலில் கட்டிய சீட்டினால்தான். எங்கே, எப்போது என்று அந்தச் சீட்டு சொல்லாவிட்டால் அது வெறும் இறகு.

பள்ளியில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். ஒரே குட்டையை மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். "இன்று எதுவும் இல்லை" என்பதையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். 2002-இல் அமெரிக்காவில் தொடங்கிய இ-பேர்ட் என்ற இணையப் பதிவேட்டில் ஆசிரியர் பெயரில் ஏற்றினால் உலகத்து ஆய்வாளர்களுக்கும் பயன்படும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியே சொல்ல வேண்டாம்.

அத்தோடு ஒரு சின்ன வேலை. ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் முன்பு தோட்டத்திலோ லம்பத்திலோ வேலை செய்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். இந்தக் குட்டை எப்போது தோண்டினது, எப்போது தண்ணீர் நின்றது, கொக்கு எப்போது வர ஆரம்பித்தது என்று கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள். படம் இன்றைக்கு உள்ளதைச் சொல்லும், அவர்கள் நேற்றைக்கு இருந்ததைச் சொல்வார்கள். தோட்டத்து மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய ஆவணங்கள் நிறைய. அவர்களே எழுதி வைத்தது குறைவு. அந்தக் குறையைக் கொஞ்சமாவது நிரப்ப ஒரு சின்ன ஸ்கோப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

நினைவில் வைக்க: காலவரிசை

1608 – லிப்பர்ஹே காப்புரிமை கேட்டல்
1609-1610 – கலிலியோவின் தொலைநோக்கியும் வியாழனின் நிலவுகளும்
1611 – கெப்லரின் இரு குவிவில்லை அமைப்பு
1758 – டோலண்டின் நிறப்பிழை குறைத்த வில்லைக்குக் காப்புரிமை
1854 – போரோவின் பட்டகம்
1883 – தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம்
1894 – சைஸ் பட்டகப் பைனாகுலர்
1913 – மலாயாவின் முதல் ஈயக் கப்பல்
1935 – ஸ்மகுலாவின் வில்லைப் பூச்சு
1940 – மலாயா இயற்கைக் கழகம்
1985 – ஈய விலை வீழ்ச்சி
1999 – லாரன்ஸ் போவும் டிஜிஸ்கோப்பிங்கும்

பயிற்சி வினாக்கள்

1. லிப்பர்ஹேவுக்குக் காப்புரிமை ஏன் மறுக்கப்பட்டது? அதனால் கருவி பரவியதில் ஏற்பட்ட விளைவு என்ன?
2. 1985-இன் ஈய விலை வீழ்ச்சி கிந்தாவின் நிலத்தையும் மக்களையும் எவ்வாறு மாற்றியது? இரண்டு கருத்துகளை விளக்குக.
3. 15-45×50 ஸ்கோப்பில் 15 மடங்கிலும் 45 மடங்கிலும் ஒளிக்கற்றையின் அகலம் எவ்வளவு? பறவைப் படத்துக்கு எது ஏற்றது? காரணம் கூறுக.
4. பறவைப் படம் ஒன்று முதல்நிலை மூலமாக ஏற்கப்பட அதனோடு இருக்க வேண்டிய தகவல்கள் யாவை?
5. உங்கள் ஊரில் பழைய லம்பமோ தோட்டமோ இருந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, முதியவர் ஒருவரின் வாய்மொழித் தகவலையும் உங்கள் நேரடிப் பதிவையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு விடை: 3.3 மி.மீ., 1.1 மி.மீ. மற்றவற்றுக்கு விடை கட்டுரையிலேயே இருக்கிறது, ஐந்தாவதற்கு மட்டும் வெளியே போய்த்தான் ஆகணும்.